அவர் தொடாத தேத்தண்ணி

என் மகன் அடித்த ஒரே அடியில் எகிப்து இஞ்சினியரின் முன்பல் கழன்று எங்கள் வீட்டுத் தரையில் விழுந்தது. பாக்குத் துண்டு விழுந்த அளவுக்குத்தான் சத்தம். இரத்தம்தான் நிறைய வந்தது. அவருடைய வெள்ளைச் சட்டை, சோபா, நான் காலையில் தேய்த்துத் துடைத்த தரை என்று எல்லா இடமும் சிந்தியது. சின்ன மேசையில் நான் வைத்த தேத்தண்ணி மட்டும் ஒரு துளியும் குறையாமல் அப்படியே இருந்தது. அடி விழுந்ததே அதனால்தான்.

ஒஸ்லோவில் அம்மருட்டில், உயரமான கட்டடம் ஒன்றில் நாங்கள் இருந்த காலம் அது. புது நூற்றாண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வீட்டில் நான், மகன், மருமகள். மருமகளின் வயிற்றில் முதல் பிள்ளை. என் கணவர் ஊரிலேயே செத்துப்போய்விட்டார்.

நான் பெரிதாகப் படித்தவள் இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எங்கள் ஆட்களின் பிள்ளைகளைப் பின்னால், நிலத்தில் இருத்தினார்கள். அங்கிருந்து பார்த்தால் கரும்பலகையில் பாதிதான் தெரியும். தெரிந்த அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மகனுக்கு வேலை, கட்டடங்களுக்குள் காற்றுப் போகும் தகரக் குழாய்களைப் பூட்டுவது. எந்தக் குழாய் எங்கே போக வேண்டும் என்று படம் கீறிக் கொடுப்பவர் அந்த இஞ்சினியர். எகிப்தின் தெற்கில் ஏதோ கிராமத்தில் பிறந்து, கெய்ரோவில் படித்து, இங்கே வந்தவர். கதவு நிலையை அடைக்கிற உடம்பு. இருவருக்கும் மேலே ஒரு நோர்வே முதலாளி. வேலை முடிந்து வந்தால் மகனுக்கு அந்த இஞ்சினியரின் கதைதான்.

"அம்மா, அந்தாளை வெறும் பேர் சொல்லிக் கூப்பிடேலாது. இஞ்சினியர் எண்டு சொல்லோணும். சொல்லாட்டி அண்டைக்கு வேலை ஓடாது."

"முதலாளியை நீ பேர் சொல்லித்தானே கூப்பிடுறாய்?"

"அவன் வெள்ளையன். பேர் சொல்லிக் கூப்பிடாட்டித்தான் அவனுக்குக் கோவம் வரும்."

காலையில் இஞ்சினியரிடம் போனால் முதலில் அவருடைய தாய் எப்படி, மனைவி எப்படி, இரவு நித்திரை வந்ததா என்று கேட்க வேண்டுமாம். அவரும் திருப்பிக் கேட்பாராம். அதற்குப் பிறகுதான் குழாய்க் கதை. முதலாளியோ சப்பாத்தைக் கழற்றும்போதே "அந்த மூன்றாம் மாடி என்னாச்சு?" என்று தொடங்கிவிடுவானாம். இஞ்சினியர் கதைக்கும்போது மூச்சு முகத்தில் படுகிற அளவுக்குக் கிட்ட வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, பெரிய சத்தமாகக் கதைப்பாராம். ஒரு நாள் இருவரும் அடிபடுகிறார்கள் என்று நினைத்து முதலாளி ஓடி வந்தானாம். இவர்கள் உதைபந்தாட்டம் கதைத்துக்கொண்டு நின்றார்களாம்.

ஒரு முறை இஞ்சினியர் மகனையும் மருமகளையும் வெஸ்ட்லியில் இருக்கும் தன்னுடைய வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுத்தார். தட்டு வெறுமையாகவே விடவில்லையாம். மகன் வந்து சொன்னான்: "அவையளுக்கு எதைக் குடுத்தாலும் முதல் வேண்டாம் எண்டுதான் சொல்லுவினம், அம்மா. அது மரியாதை. நாங்கள் திருப்பித் திருப்பிக் கேக்கோணும். வெள்ளையள் மாதிரி ஒருக்காக் கேட்டிட்டு விட்டால், குடுக்க மனமில்லை எண்டு நினைப்பினம்."

"அப்ப எங்கட ஆக்கள் மாதிரித்தான்" என்றேன். எனக்கு அந்த மனிதரைப் பார்க்காமலே பிடித்துப் போனது.

இனி, நடந்த பிழைக்கு வருகிறேன். ஒரு பெரிய வேலை. பழைய மாடிக் கட்டடம் ஒன்றுக்குப் புதுக் குழாய். அந்தக் கட்டடத்துக் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் வந்து, "எப்போது முடியும்?" என்று கேட்டிருக்கிறார். இஞ்சினியர் நெஞ்சில் கையை வைத்து, "கடவுள் நினைத்தால் வெள்ளிக்கிழமை" என்றிருக்கிறார். குழாயே இன்னும் வந்து சேரவில்லை. அது எல்லோருக்கும் தெரியும். முகத்துக்கு முன்னால் இல்லை என்று சொல்லக் கூடாது என்பது அந்த மனிதரின் வளர்ப்பு. என் மகன் அந்தத் தலைவருக்கும் முதலாளிக்கும் வேலையாட்களுக்கும் முன்னால், "பொய். இவர் பொய் சொல்கிறார்" என்று நோர்வே மொழியில் சொல்லிவிட்டான். முதலாளி அவன் தோளில் தட்டி, நேராகக் கதைப்பது நல்லது என்றானாம். இஞ்சினியர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனாராம்.

மகன் அதைப் பெருமையாகத்தான் சொன்னான். நானும் பெருமையாகத்தான் கேட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் அழைப்பு மணி அடித்தது. மகன் கதவுத் துளையால் பார்த்துவிட்டு, "அம்மா, இஞ்சினியர்!" என்று சட்டையைக் காற்சட்டைக்குள் விட்டான். அவர் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வருகிறார். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தார். கையில் இனிப்புப் பெட்டி. என்னைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்துக் குனிந்து, "மாமா" என்றார். எகிப்தியர் தாயை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள்.

நான் தங்க விளிம்பு போட்ட கோப்பைகளை எடுத்தேன். இஞ்சி தட்டிப் போட்டு, பால் தேத்தண்ணி ஊற்றி, நானே கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

அவர் கையை நெஞ்சில் வைத்து வேண்டாம் என்றார்.

எனக்குத்தான் பாடம் சொல்லித் தந்திருக்கிறார்களே. "குடியுங்கோ" என்றேன். அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். "குடிக்கச் சொல்லு, பிள்ளை." மருமகள் அதை நோர்வே மொழியில் சொன்னாள். வேண்டாம் என்றார். கோப்பையை இன்னும் கிட்டத் தள்ளி வைத்தேன். அவர் அதை ஒரு விரலால் பழைய இடத்துக்கே தள்ளி வைத்துவிட்டு, மகனைப் பார்த்து மெதுவாகக் கதைக்கத் தொடங்கினார்.

அந்த விரலைத்தான் நான் பார்த்தேன்.

எங்கள் ஊர்ச் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. மற்றவர்களுக்குக் கிளாஸ். எங்கள் ஆட்களுக்குக் கூரையில் செருகி வைத்த பழைய போத்தல். குடித்துவிட்டு நாங்களே கழுவி, திரும்பவும் செருகி வைக்க வேண்டும். என் கணவர் ஒரு நாள் உள்ளே போய், வாங்குப் பலகையில் இருந்து, கிளாஸில் குடித்தார். சைக்கிள் சங்கிலியால் அடித்தார்கள். சோடாப் போத்தலை உடைத்துக் கன்னத்தில் இறக்கினார்கள். கதவுப் பலகை ஒன்றில் வைத்து நாலு பேர் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது என் மகன் முற்றத்தில் விளையாடிக்கொண்டு நின்றான். தகப்பனின் கன்னத்துக்குள்ளால் பல் தெரிந்ததை அவன் பார்த்தான். அந்த அடியில் இருந்து அவர் எழும்பவே இல்லை.

அவர்கள் எங்களுக்குச் சோறு தருவார்கள், வீட்டுக்குப் பின்னால், கோடிப்புறத்தில் வைத்து. எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். வோட்டுக் கேட்டு வந்தாலும் படலைக்கு வெளியே நின்று, "இப்பதான் குடிச்சிட்டு வாறம்" என்பார்கள். இந்த ஊரிலும், இவ்வளவு பனிக்கும் அப்பால் வந்த பிறகும், இங்குள்ள தமிழ்ச் சங்கத்து ஆட்கள் சிலர் வருவார்கள், இருப்பார்கள், சிரிப்பார்கள், "இப்பதான் குடிச்சனாங்கள், அக்கா" என்று எழும்புவார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் நான் முகத்தைப் பார்ப்பதில்லை. கோப்பையைத்தான் பார்ப்பேன்.

தன் வீட்டில் என் பிள்ளைகளுக்கு வயிறு முட்டப் போட்டவன், என் வீட்டில் வாய் நனைக்க மாட்டானாம்.

"தம்பி, அவரைக் குடிக்கச் சொல்லு" என்றேன். நான் சொன்ன விதம் மகனுக்கு விளங்கியது. அவன் கோப்பையைப் பார்த்தான். முகம் கறுத்தது.

"குடியுங்கோ" என்று அவன் நோர்வே மொழியில் சொன்னான்.

"நீ சம்மதம் சொல்லும்வரைக்கும் இந்த வீட்டில் குடிக்க மாட்டேன்" என்றார் அவர். மருமகள் பிறகு சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். மகனுக்கு அதில் பாதிதான் காதில் ஏறியது. இந்த வீட்டில் குடிக்க மாட்டேன்.

அடித்தான்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எழும்பினார். அந்த உடம்பு எழும்பியதில் மேசை கவிழப் பார்த்தது. மகனின் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக் கண்ணாடி அலுமாரியில் மோதினார். கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. மகன் முழங்காலால் வயிற்றில் ஏற்றினான். இருவரும் கண்ணாடித் துண்டுகளுக்கு மேல் உருண்டார்கள். மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்று கத்தினாள். நான் குசினிக்குப் போய் இரும்புத் தாச்சியை எடுத்து வந்து இஞ்சினியரின் முதுகில் ஒன்று போட்டேன். அந்தச் சத்தத்தில் இரண்டு பேரும் நின்றார்கள்.

அவர் குனிந்து பல்லைத் தேடி எடுத்தார். கைலேஞ்சியில் சுற்றிப் பொக்கற்றுக்குள் வைத்தார். வாசலில் நின்று, இரத்தம் ஒழுக ஒழுக ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

"என்ன பிள்ளை சொல்லிப்போட்டுப் போறான்?"

"உங்கட வீட்டுக்கு விருந்தாளியா வந்தனான் எண்டு சொல்லிப்போட்டுப் போறார், மாமி."

அவள் சொல்லிவிட்டு நிலத்தில் குந்தி அழத் தொடங்கினாள். அழுவதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்திய வருடம் பஸ் தரிப்பில் ஒரு வெறிகாரன் அவள் மேல் துப்பினான் என்று மகன் அவனை மூக்கு உடைய அடித்து, வழக்காகி, இந்த முறை உள்ளே போடவில்லை, இன்னொரு முறை கை வைத்தால் அதையும் இதையும் சேர்த்து உள்ளேதான் என்று நீதிமன்றம் சொல்லி விட்டிருந்தது. இஞ்சினியர் பொலிஸுக்குப் போனால் போதும். பிள்ளை பிறக்கும்போது தகப்பன் மறியலில், கம்பிக்குள் இருப்பான்.

அந்தக் கிழமை முழுவதும் கீழே எந்தக் கார் வந்து நின்றாலும் மருமகள் ஜன்னலுக்கு ஓடினாள். முதலாளி மகனை வீட்டில் நிற்கச் சொல்லிவிட்டான். அவன் உடைந்த அலுமாரியைக் கழற்றித் துண்டு துண்டாக அடித்து நொறுக்கினான். கீழ்வீட்டுக் கிழவர் தடியால் தன் கூரையில் இடித்தார். மகன் காலால் தரையில் இடித்தான். இருவரும் நெடுநேரம் இடிபட்டார்கள். பொலிஸ் மட்டும் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஒரு வயதான எகிப்தியர் வந்தார். குரோருட்டில் பல் வைத்தியம் செய்பவர். மருமகளுக்குப் பல் பிடுங்கியவரும் அவர்தான். நான் தேத்தண்ணியைக் கொண்டுவந்தேன். அவர் கதிரையில் இருக்க முன்னரே கோப்பையை வாங்கி, நின்றபடியே பாதியைக் குடித்துவிட்டு மருமகளிடம் ஏதோ சொன்னார். அந்தக் கிழமையில் அவள் முதன்முதலாகச் சிரித்தாள்.

"முதல் குடிச்சிடுறாராம், மாமி. தன்ர பல்லு தனக்கு வேணுமாம்."

பிறகு இருந்து விளங்கப்படுத்தினார். இஞ்சினியரின் ஊர்ப்பக்கத்தில் ஒருவன் பெரிய காரியம் ஒன்றைக் கேட்டு இன்னொருவன் வீட்டுக்குப் போனால், முன்னால் வைத்த கோப்பியைத் தொட மாட்டானாம். வீட்டுக்காரன் "உன் காரியம் முடிந்தது, குடி" என்று சொன்ன பிறகுதான் குடிப்பானாம். வீட்டுக்காரனை அவ்வளவு பெரியவனாக மதிக்கிற வழக்கம் அது. காரியம் என்னவென்று கேட்காமல் குடி குடி என்று நெருக்கினால், போ, உன் காரியம் முடியாது என்று முகத்தில் துப்பினது போலவாம்.

நான் எத்தனை முறை நெருக்கினேன்!

"அவர் கேக்க வந்த காரியம் என்னவாம்?" என்றேன்.

அந்த மனிதர்களுக்கு முன்னாலேயே, பொய்காரன் என்று சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க வேண்டும். அவ்வளவுதானாம். அதற்காக மணித்தியாலக் கணக்கில் யோசித்து, இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தாராம். பல் வைத்தியர் பெருமூச்சு விட்டார். "மானத்துக்குச் சண்டை பிடிக்கிற இந்த இரண்டு பேரும் ஒரே ஊரில் பிறந்திருக்கலாம்" என்றாராம்.

இனி என்ன வழி? பொலிஸுக்குப் போக இஞ்சினியருக்கு விருப்பமில்லை. ஆனால் விருந்தாளியை வீட்டுக்குள் வைத்து இரத்தம் வரப் பண்ணியதற்கு அவர்கள் ஊரில் ஒரு முறை உண்டு. அடித்தவன், சாவுக்குப் போர்த்துகிற வெள்ளைத் துணியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அடிபட்டவன் வாசலுக்கு வர வேண்டும். என் உயிர் உன் கையில் என்று அர்த்தம். அடிபட்டவன் அந்தத் துணியை வாங்கினால் பகை முடிந்தது. பொலிஸ் இல்லை, வழக்கு இல்லை. வாங்க முன்னர் ஒரு அடி திருப்பி அடிக்கவும் அவனுக்கு உரிமை உண்டு. தடுக்கக் கூடாது. நாளை ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இஞ்சினியர் வீட்டில் இருப்பார். வராவிட்டால் திங்கள் காலை பொலிஸ்.

அவர் போனதும் மகன் சுவரில் குத்தினான்.

"கோடித்துணியைத் தூக்கிக்கொண்டு போய் அவன்ர வாசல்ல நிக்கச் சொல்லுறியளோ? அப்பா சால்வையைக் கக்கத்துக்குள்ள இடுக்கிக்கொண்டு ஒவ்வொருத்தன்ர வாசல்லயும் நிண்டவர். நான் நிக்க மாட்டன்."

"நிக்க வேண்டாம்" என்றேன். "மறியலுக்குப் போ. கிழமைக்கு ஒருக்கா வந்து பாக்கிறன்."

மனதாரத்தான் சொன்னேன். துணி ஏந்தி நிற்கிற மகனைப் பார்க்க நான் கடல் கடந்து வரவில்லை.

ஞாயிறு காலையில் நான் வழக்கம் போலத் தேத்தண்ணி ஊற்றினேன். மகன் ஒரு மூலையில், நான் ஒரு மூலையில். மருமகள் குசினி வாசலில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குசினி அலுமாரியைத் திறந்தாள். தங்க விளிம்புக் கோப்பை ஒன்றை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் அடித்தாள். அடுத்ததை எடுத்தாள். அதையும் அடித்தாள். கிளாஸ்களை எடுத்தாள். நான் பிடிக்கப் போனேன். என் கையில் இருந்ததையும் பறித்து அடித்தாள். சூடு என் காலில் தெறித்தது.

"என்ன பிள்ளை செய்யிறாய்!"

"இனி இந்த வீட்டில ஒருத்தரும் தேத்தண்ணி குடிக்கத் தேவையில்லை, மாமி. உங்கட கோப்பையும் உங்கட மானமும்! அவர் ஒருத்தருக்கும் கீழ வரேல்லை, ஒருத்தருக்கும் மேல வரேல்லை. கெஞ்சிக் கேக்க வந்தவர். கேக்க வந்தவன்ர வாயை உடைச்சுப்போட்டு, இப்ப ரெண்டு பேரும் ராசாக்கள் மாதிரி இருக்கிறியள். இந்தப் பிள்ளை பிறந்து தேப்பன் எங்கை எண்டு கேட்டால், ஒரு தேத்தண்ணிக்காக மறியலில இருக்கிறார் எண்டு நீங்கள் சொல்லுங்கோ. நான் சொல்ல மாட்டன்."

அவளுடைய விரல் வெட்டி இரத்தம் தொட்டிக்குள் வடிந்தது. நான் துணி தேடி என் பெட்டியைத் திறந்தேன். மேலேயே, ஊரில் இருந்து கொண்டுவந்த, மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து மகனின் மடியில் போட்டேன். அவளுடைய விரலை என் சேலைத் தலைப்பால் சுற்றினேன்.

"எழும்பு" என்றேன்.

"அம்மா—"

ஓங்கி ஒன்று விட்டேன். நாற்பதைத் தொடப் போகிற ஆண்பிள்ளைக்கு. "அங்கை அவன் அடிச்சால் உனக்குப் புதுசா இருக்கக்கூடாது. எழும்பு, போவம்."

அம்மருட்டில் ரயில் ஏறி வெஸ்ட்லி வரை போனோம். மகன் வேட்டியை ஜக்கெற்றுக்குள் ஒளித்து வைத்திருந்தான். இஞ்சினியர் வீட்டு மாடியில், வாசலுக்கு வந்த பிறகுதான் வெளியே எடுத்தான்.

உள்ளே சப்பாத்துகள் நிறைந்து கிடந்தன. அன்றைக்கு அந்தப் 'பொய்' என்ற சொல்லைக் கேட்ட வேலையாட்கள் சிலர், பல் வைத்தியர், அவர்களோடு நோர்வே முதலாளியும் சோபா விளிம்பில் காலுறையோடு இருந்தான். அவனுக்கு இது ஏதோ ஒரு பெரிய விருந்து என்று நினைப்பு. கையில் இனிப்புத் துண்டு வைத்திருந்தான்.

இஞ்சினியர் நடுவில் நின்றார். மேலுதடு இன்னும் வீக்கம். மகன் வேட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய் முன்னால் நின்றான்.

"நாலு பேருக்கு முன்னால நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது" என்றான் நோர்வே மொழியில். மருமகள் என் காதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். "என்ர வீட்டில உங்களில கை வைச்சிருக்கக் கூடாது. இந்தத் துணி உங்கட கையில."

இஞ்சினியர் துணியைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பிறகு அடித்தார். திறந்த கையால், தோளில் இருந்து எடுத்து அடித்தார். மகனின் தலை ஒரு பக்கம் திரும்பியது. உதடு வெடித்து இரத்தம் வேட்டியில் விழுந்தது.

முதலாளி துள்ளி எழும்பினான். இனிப்பு விழுந்தது. "நான் கண்டேன்! நான் சாட்சி! பொலிஸைக் கூப்பிடவா?"

"இரு!" என்று மகனும் இஞ்சினியரும் ஒரே நேரத்தில் அவனைப் பார்த்துக் கத்தினார்கள். அவன் இருந்துவிட்டான்.

நான் மகனின் கைகளை மட்டும் பார்த்தேன். வேட்டி அந்தக் கைகளுக்குள் கசங்கியது. நரம்பு புடைத்தது. அந்தக் கை தகப்பனுக்காக எத்தனை பேரை அடிக்கக் காத்திருந்த கை என்று எனக்குத் தெரியும். அது துணியை விடவில்லை.

இஞ்சினியர் துணியை வாங்கினார். ஒரு முனையால் மகனின் உதட்டைத் துடைத்தார். பிறகு இழுத்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். துணியைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள்.

கோப்பி வந்தது. சின்னக் கோப்பைகளில், கறுப்பாக, தார் மாதிரி. இஞ்சினியர் தன் கையால் எல்லோருக்கும் கொடுத்தார். மகன் குடித்தான். எனக்கு முன்னால் குனிந்து, "மாமா" என்று நீட்டினார்.

வாங்கினேன். சின்ன மேசையில் வைத்தேன்.

"குடியுங்கோ, மாமி" என்று மருமகள் முணுமுணுத்தாள். "எல்லாம் முடிஞ்சுது. இனியும் தொடங்காதேங்கோ."

இஞ்சினியர் கையால் காட்டிக் குடிக்கச் சொன்னார். நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். திரும்பவும் சொன்னார். நான் கோப்பையை ஒரு விரலால் தள்ளி வைத்தேன். அவருடைய கை பாதியில் நின்றது. கதைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். பல் வைத்தியர் தாடியைத் தடவினார். அந்தக் கோப்பையை இஞ்சினியர் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. நான் எத்தனையோ வருடமாக எத்தனையோ கோப்பைகளை அப்படிப் பார்த்தவள்.

நெற்றியில் வியர்த்துப்போய், "என்ன வேண்டும் என்று கேள்" என்றார் மருமகளிடம்.

"இண்டைக்கே அவர் என்ர வீட்டுக்கு வரோணும்" என்றேன். "நான் பாத்துக்கொண்டிருக்க, என்ர தேத்தண்ணியை அடிவரைக்கும் குடிக்கோணும். ஓம் எண்டு சொன்னால்தான் நான் இதில வாய் வைப்பன்."

மருமகள் சொல்லி முடிப்பதற்குள் அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். சிரிக்கும்போது முன்பல் இல்லாத ஓட்டை பெரிதாகத் தெரிந்தது. உதடு நோக, கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முடிந்தது, மாமா. குடியுங்கள்" என்றார். குடித்தேன். வேப்பெண்ணெய்க் கசப்பு. அடியில் கிடந்த மண்டியையும் சேர்த்து விழுங்கினேன். அதை விட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

பல் வைத்தியரின் காரில் ஐந்து பேரும் அம்மருட்டுக்கு வந்தோம். வேலையாட்கள் கலைந்தார்கள், முதலாளி தலையிடி என்று வீட்டுக்குப் போய்விட்டான்.

குசினிக்குள் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து, இஞ்சி தட்டிப் போட்டு, அலுமாரியைத் திறந்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. ஒரு கோப்பை இல்லை. ஒரு கிளாஸ் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, கடையும் இல்லை. கீழ்த் தட்டில், ஊறுகாய் போட என்று நான் கழுவிக் கவிழ்த்து வைத்த ஜாம் போத்தல்கள் மட்டும் இருந்தன.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருமகள் பின்னால் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ" என்றாள்.

போத்தலில் குடிப்பதில்லை என்று என் கணவர் இறந்த அன்று எனக்குள் சொல்லிக்கொண்டவள் நான். என் வீட்டில் இன்னொருவனுக்குப் போத்தலில் கொடுப்பேன் என்று நினைத்ததே இல்லை. ஆனால் அவர் ஓம் என்று சொல்லிவிட்டு, ஓட்டை வாயோடு வந்து இருக்கிறார்.

எல்லாவற்றையும் எடுத்தேன். அவருக்கு ஒன்று, பல் வைத்தியருக்கு ஒன்று, மகனுக்கும் மருமகளுக்கும் எனக்கும் ஒவ்வொன்று. எல்லாவற்றிலும் ஒரே அளவு ஊற்றினேன்.

இஞ்சினியர் இரண்டு கையாலும் வாங்கினார். எங்களுக்குப் போத்தல் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. சூடு தாங்காமல் கழுத்தில் கிடந்த வேட்டியை எடுத்து, என் மகனின் இரத்தம் பட்ட அந்த வெள்ளைத் துணியால் போத்தலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு குடித்தார். முதல் வாய் ஓட்டைக்குள் இறங்கியதும் கண்ணில் தண்ணீர் வந்தது. நிறுத்தவில்லை. அண்ணாந்து, அடிவரைக்கும் குடித்தார்.

மகன் குசினி வாசலில் நின்று அந்தப் போத்தலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"இந்தா, நீயும் குடி" என்று அவனுடையதை நீட்டினேன்.

வாங்கினான். இஞ்சினியருக்குப் பக்கத்தில் போய் இருந்தான். என்னுடையதை நான் எடுத்து ஒரு வாய் குடித்தேன். கண்ணாடியின் சூடு உதட்டில் பிடித்தது.

இஞ்சினியர் வெறும் போத்தலைத் தலைகீழாகப் பிடித்து எனக்குக் காட்டினார். பிறகு, வீட்டுப் பிள்ளை மாதிரி அதை என் பக்கம் நீட்டி, மருமகளிடம் ஏதோ சொன்னார்.

"இன்னொண்டு வேணுமாம், மாமி. முந்தினதுக்குச் சீனி காணாதாம்."

"பல்லு இல்லாட்டியும் வாய்க்குக் குறைவில்லை" என்றேன். சீனிப் பேணியை எடுத்தேன்.